விளையாட்டுக்கு மதிப்பெண்

பொம்மைக் கம்பெனியில் எனக்கு வேலை, புதிய கட்டை செட்டுகளைக் கடைக்குப் போகும் முன் கட்டிப் பார்ப்பது. வழிமுறைப் புத்தகம் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். சொந்தப் புத்தி கூடாது. மனைவி இறந்த பிறகு இதில் நான் கெட்டிக்காரனாகிவிட்டேன்.

வராதது கடைசிக் கட்டம்தான். கட்டி முடித்ததும் விளையாடிப் பார்த்து, பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். அந்த இடத்தை நான் காலியாகவே விட்டுவந்தேன். மேனேஜர் பெருமூச்சு விட்டு அவரே ஐந்து போட்டுக்கொள்வார்.

அன்று மேசைக்கு வந்த பெட்டியின் பெயர் ‘ஏழாம் நிலவு நிலையம்’. வடிவமைத்தவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. அவனுடைய முதல் செட்.

“இதுக்கு நான் அஞ்சு போட்டா அவன் கதை முடிஞ்சுது,” என்றார் மேனேஜர். “ஏழு வந்தாத்தான் தயாரிப்புக்குப் போகும். ஏழோ ரெண்டோ, விளையாடிட்டு நீயே போடு. சொந்தக்காரன்னு அள்ளிக் குடுத்துடாதே. அப்புறம் ஆளாளுக்குப் பேசுவாங்க.”

“விளையாட ரெண்டு பேர் வேணுமே சார்.”

“அவனையே கூப்பிட்டுக்கோ. பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற புருஷன் மாதிரி வெளியில நடந்துக்கிட்டு இருக்கான்.”

மதியத்துக்குள் கட்டி முடித்தேன். கண்ணாடிக் கூரை போட்ட நிலையம். ஆரஞ்சு உடுப்பில் ஒரு விண்வெளி வீரர். ஒற்றைக் கண்ணும் மூன்று கைகளும் உள்ள ரோபோ. புத்தகம் தெளிவு. ஒரு பக்கத்தில் மட்டும் சாம்பல் கட்டைக்கும் கருஞ்சாம்பல் கட்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குறித்துக்கொண்டேன்.

மைத்துனன் உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தான். முன்பெல்லாம் என்னைக் கிண்டலடிக்காமல் அவனுக்குப் பொழுதே போகாது. என் மீசை, என் ஸ்கூட்டர், நான் தும்முகிற விதம், எதையும் விடமாட்டான். அக்கா போனதிலிருந்து ‘சாப்பிட்டீங்களா மாமா’ ஒன்றுதான்.

“சாப்பிட்டீங்களா மாமா?”

“ஆச்சு. நான் வீரர். நீ ரோபோ.”

வீரரை வெளியே நடத்தினேன். “ஆன்டெனாவைச் சரிபார்க்கிறேன்,” என்றேன். பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது என் குரல். சரிபார்த்துத் திரும்பினால் கதவு மூடியிருந்தது. நகத்தால் நெம்பினேன். அசையவில்லை.

“மாப்ள, கதவு திறக்கல.”

அவன் முகம் செத்துவிட்டது. கீல் சிக்கியிருந்தது. பிறகு ரோபோவைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி மூக்கால் பேசினான்.

“கதவில் பழுது இல்லை. இது பாதுகாப்புச் சோதனை. நீங்கள் யார்?”

“வீரர்டா.”

“‘டா’ போடும் வீரர் எங்கள் பட்டியலில் இல்லை.”

“மூச்சு முட்டுது. திறங்க சார்.”

“வேற்றுக்கிரகத்தாரும் இப்படித்தான் கெஞ்சுவார்கள். ஆதாரம் தேவை.”

“என் மீசையைப் பாரு.”

“அது மீசையா? அழுக்கு என்று பதிவாகியிருக்கிறது.”

“கொழுப்புடா உனக்கு.”

“எனக்குக் கொழுப்பு கிடையாது. எண்ணெய் மட்டுமே. கடைசிக் கேள்வி. உங்கள் மனைவிக்கு உலகத்திலேயே பிடிக்காதது எது?”

கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ரோபோவை மேசையில் வைத்துவிட்டான்.

“மாமா... ஏதோ வேகத்துல வந்துடுச்சு. விடுங்க.”

நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடை எனக்குத் தெரியும்.

“அவ தம்பி,” என்றேன்.

அவன் நிமிர்ந்தான்.

“வீட்டுக்கு வர்றப்பெல்லாம் அவ சார்ஜரைத் தூக்கிட்டுப் போற தம்பி.”

“ஒரே ஒரு தடவை மாமா!”

“மூணு சார்ஜர்டா. மூணையும் வாங்கிக் குடுத்தவன் நான்.”

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மேசை ஆடி ஆன்டெனா விழுந்தது. “தகவல் சரி,” என்று மூக்கால் சொல்ல முயன்றான், மூக்கு அடைத்திருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நெம்பிக் கதவைத் திறந்தோம். வீரர் தலைகீழாக உள்ளே போய் விழுந்தார்.

பேனாவை எடுத்து விளையாட்டுக்கு ஏழு போட்டேன். அவன் எட்டிப் பார்த்தான்.

“ஏழுதானா? கண்ணுல தண்ணி வர சிரிச்சீங்களே!”

“அது உன் வாய்க்கு. வாய் பெட்டியில வராது. வாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் நீ போய் உக்காருவியா?”

“கூப்பிட்டா போவேன்.”

“போவ, போவ. சார்ஜரை ஒளிச்சு வெக்கச் சொல்லணும்.”

அதே தாளில் பாகங்களுக்கான இடத்துக்குப் போனேன். கதவு: மூன்று.

“மாமா!”

“சிக்குது மாப்ள. குழந்தைங்க நகம் உடைஞ்சு போகும். கீலை மாத்து.”

“மாத்தினா மறுபடி முதல்லேர்ந்து சோதிக்கணுமே?”

“ஆமா,” என்றேன். “இந்தத் தடவை நான் ரோபோ.”