ஆறு நாள் பயணத்துக்கு மூன்று வருஷம்

ஜெர்மனிக்கு ஆறு நாள் போய்வர மூன்று வருஷம் உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள் உலகத்திலேயே இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். பேசாமல் நடக்க ஆரம்பித்திருந்தால்கூட இந்நேரம் ஊர் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஒருவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். இன்னொருவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்பில் அடி வாங்கியவர்கள். இப்போது ஆளுக்கு ஐம்பத்தெட்டு வயது.

டைம்கீப்பருக்கு டிப்போ வாசலில் ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல். வண்டி வெளியே போனால் நேரம் எழுத வேண்டும், உள்ளே வந்தால் நேரம் எழுத வேண்டும். முப்பத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் புறப்பட்ட நேரத்தை எழுதிய மனிதர், தான் எங்கும் புறப்பட்டதில்லை. மனைவி போய் ஆறு வருஷமாகிறது. மகள் கல்யாணமாகி எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்பிட்டீங்களாப்பா? உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். பின்னால் குழந்தைகள் கத்துவார்கள். "சரிம்மா, நீ போய்ப் பாரு" என்று அவரே வைத்துவிடுவார்.

டிப்போ முழுக்க அவரை 'டைம்கீப்பர் சார்' என்பார்கள். பால்காரரும் அப்படித்தான். அவரை 'டேய்' என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருந்தது கண்ணாடிக்காரர் ஒருவர்தான்.

கண்ணாடிக்காரர் வருவது சனிக்கிழமை நாலு மணிக்கு. டைம்கீப்பரின் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, நாற்பத்தெட்டுப் படி. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவது இரண்டாவது மாடியிலேயே கேட்கும். ஆனாலும் டைம்கீப்பர் எழுந்துபோய்க் கதவைத் திறக்க மாட்டார். பெல் அடிக்கட்டும் என்று காத்திருப்பார். அந்த வாரத்துக்கு அந்த பெல் அடிப்பது அந்த ஒரு தடவைதான்.

"என்னடா, செவிடா போயிட்டியா? திறக்க இவ்வளவு நேரமா?" என்று திட்டிக்கொண்டே கண்ணாடிக்காரர் உள்ளே வருவார். அவர் வீடு நேர்மாறு. மனைவி, மாமியார், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று குளியலறைக்கே வரிசையில் நிற்க வேண்டிய வீடு. இங்கே வந்து நாற்காலியில் காலை நீட்டி, "அப்பாடா, ஒரு சத்தம் இல்ல. கொடுத்து வச்சவன்டா நீ" என்பார். டைம்கீப்பர் சிரித்துவைப்பார்.

ஜெர்மனி ஆரம்பித்தது ஒரு காலண்டரால். லென்ஸ் கம்பெனி கடைக்குக் கொடுத்த காலண்டர். மே மாதத்துப் படத்தில் ரைன் நதி, ஒரு வெள்ளைப் படகு, மலைமேல் ஒரு கோட்டை. "கண்ணை மூடறதுக்குள்ள இந்தப் படகுல ஒரு தடவை உட்காரணும்டா" என்றார் கண்ணாடிக்காரர். அவ்வளவுதான், அன்றைக்கே டைம்கீப்பர் ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டுவிட்டார். எத்தனை மணிக்கு எந்த ரயில், எந்தப் பிளாட்பாரம், கொலோன் தேவாலயத்துக்கு எவ்வளவு நேரம், எங்கே டீ குடிப்பது, எல்லாம் அதில் ஏறியது. கண்ணாடிக்காரரின் மனைவி போனில், "அண்ணா, அவரோட சுகர் மாத்திரை உங்க பொறுப்பு" என்று சொன்னதால் அதற்கும் தனியாக ஒரு பத்தி விழுந்தது.

திட்டம் முடிகிற மாதிரி இருக்கும்போதெல்லாம் டைம்கீப்பர் ஒரு முட்டுக்கட்டை போடுவார். ஏப்ரலில் குளிர். ஜூலையில் கூட்டம். ரயில் மாற ஏழே நிமிஷம்தான் இருக்கிறது, போதாது. "சரி, முதல்லேர்ந்து போடுவோம்" என்று கண்ணாடிக்காரரும் தலையாட்டுவார். இப்படியே பன்னிரண்டு தடவை திருத்தி, ஆளுக்கொரு பிரதியாக எழுதி வைத்துக்கொண்டார்கள்.

பதின்மூன்றாவது திருத்தத்துக்கு வழியில்லாமல் போனது. ஒரு சனிக்கிழமை கண்ணாடிக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"டேய், பெரியவன் நம்ம ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டான்டா! மே பதினாலு. பக்கத்துப் பக்கத்து சீட்டு. படகுலகூட ஜன்னலோரமா ரெண்டு இடம். வர்ற செவ்வாய்க்கிழமை விசாவுக்குப் போகணும்."

"அடேயப்பா!" என்றார் டைம்கீப்பர். நோட்டை மெதுவாக மூடிவைத்தார்.

கண்ணாடிக்காரர் போனபிறகு நோட்டைப் புரட்டினார். ஆறாம் நாள் கடைசி வரி: 'மாலை 6.40, வீடு.' அடுத்த பக்கம் வெறும் பக்கம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போய்வந்து முதல் சனிக்கிழமை போட்டோ பார்க்கலாம், சரி. இரண்டாவது சனிக்கிழமை? கோடு போட ஒன்றும் இல்லாத வீட்டுக்கு, மூட்டுவலியோடு நாற்பத்தெட்டுப் படி ஏறி எவன் வருவான்? நிறைந்த வீட்டுக்காரன், ஜெர்மனிக்காக வந்தான். ஜெர்மனி முடிந்தால் வரமாட்டான். அவருக்குப் பயமாக இருந்தது. மனைவி இறந்த வருஷம் வந்த அதே பயம்.

திங்கட்கிழமை போன் செய்து, "டிப்போல லீவு இல்லேன்னுட்டாங்கடா. ஆள் பத்தாதாம்" என்று ஒரே போடாகப் போட்டார். பயணம் தள்ளிப்போகும், சனிக்கிழமைகள் பிழைத்துக்கொள்ளும் என்று கணக்கு.

கண்ணாடிக்காரர் அப்படி விடுகிற ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை நேராக டிப்போவுக்கே வந்து, மேனேஜர் அறைக்குள் நுழைந்துவிட்டார். டைம்கீப்பர் தன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்று பேசினார் சிநேகிதர், தனக்காகக்கூட அப்படிக் கைகட்டி நிற்காத மனிதர். மேனேஜர் சிரித்தபடி எதையோ சொன்னார். வெளியே வந்த கண்ணாடிக்காரரின் முகம் செத்துப்போயிருந்தது.

"லீவு எடுங்கன்னு அவர்தான் உன்கிட்ட கெஞ்சிக்கிட்டிருக்காராமே. தொண்ணூறு நாள் சும்மா கிடக்காமே."

டைம்கீப்பர் பேனாவை மூடினார், திறந்தார்.

"என்கூட வரப் பிடிக்கலேன்னா நேராச் சொல்லியிருக்கலாம்ல? மூணு வருஷமா எதுக்குடா இந்தக் கூத்து?"

உண்மை தொண்டைவரை வந்தது. ஐம்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, 'நீ வராமல் போய்விடுவாய் என்று பயமாக இருக்கிறது' என்று எந்த வாயால் சொல்வது? மென்று விழுங்கினார். "குளிர் எனக்கு ஒத்துக்காதுடா" என்றார்.

'மே மாதம், குளிர் இருக்காது' என்று முதல் பக்கத்திலேயே எழுதி, அடியில் கோடும் போட்டவர் அவர்தான். கண்ணாடிக்காரர் அதை நினைவுபடுத்தக்கூட இல்லை. "சரி. நான் என் மச்சானைக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஒரு டிரைவர் ஜன்னலில் தட்டினார். டைம்கீப்பர் நேரம் எழுதினார்.

அந்தச் சனிக்கிழமை பெல் அடிக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. டீ போட்டு வைத்து, இரண்டு கோப்பையையும் தானே குடித்தார். போன் செய்ய எடுத்து, எடுத்து, வைத்தார். இரண்டாவது மாடிக்கு யாராவது மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால் காது அங்கே போய்விடும். கீழ்வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் திரும்பி வரும்.

மே பதினாலு வந்தது, போனது. டிப்போ ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு அவர் கூடவே போய்க்கொண்டிருந்தார். இப்போது பிராங்பர்ட்டில் இறங்கியிருப்பார்கள். இப்போது கொலோன் ரயில். இப்போது மாத்திரை நேரம், அந்த மச்சான் ஞாபகமாகக் கொடுப்பானா, அவனே ஒரு சோம்பேறி. நாலாம் நாள் படகு. கோட்டை வலதுபக்கமா இடதுபக்கமா என்று நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தார். ஜன்னலோரமாக இரண்டு இடம். தன் இடத்தில் மச்சான் உட்கார்ந்து பிஸ்கட் தின்பதை நினைக்க, சின்னப்பிள்ளை மாதிரி பொறாமையாக இருந்தது. அன்று முதல்முறையாக ஒரு வண்டியின் நேரத்தைத் தப்பாக எழுதினார்.

ஆறாம் நாள் மாலை 6.40. வீட்டு ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் வீடு அங்கிருந்து தெரியாது. இருந்தாலும் பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை நாலு மணி ஆனது. நாலேகால். பெல் அடிக்கவில்லை. எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது, அதுவும் படகில் உட்காராமலே. உட்கார்ந்தே இருந்த டைம்கீப்பருக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. மூன்று வருஷத்தில் ஒரு சனிக்கிழமையாவது தான் அவனைத் தேடிப் போயிருக்கிறோமா? செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கடையில் ஒரு அம்மாள் ஃபிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் இவரைப் பார்த்தார். அந்த அம்மாள் போனபிறகு, கண் சோதிக்கிற நாற்காலியைக் கையால் காட்டினார். டைம்கீப்பர் போய் உட்கார்ந்தார். லென்ஸ் மாற்றி மாற்றிப் போடுகிற கனத்த வட்டச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டிவிட்டு, "எதிர்ல இருக்கறதைப் படி" என்றார் கண்ணாடிக்காரர்.

டைம்கீப்பர் மூன்று வரி படித்தார்.

"ஒரு ரயிலும் உன் நோட்டுல இருக்கற நேரத்துக்கு வரல" என்றார் கண்ணாடிக்காரர், ஒரு லென்ஸை மாற்றியபடி.

"வரலயா? ஜெர்மனியிலயா?"

"ஜெர்மனியிலதான். அரை மணி நேரம் லேட்டு. யார்கிட்டயும் வருத்தம்கூட இல்ல."

"எழுதிவைக்க ஒருத்தன் இல்லாமலா போயிட்டான்!" டைம்கீப்பருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பிறகு மெதுவாக, "உன் மச்சான் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"மச்சான் எங்க வந்தான்? ஒரு கோபத்துல சொன்னேன். நான் தனியாத்தான் போனேன்."

டைம்கீப்பர் திரும்பினார். "தலையை ஆட்டாதே" என்று கண்ணாடிக்காரர் அவர் முகத்தை நேராக்கினார்.

"உன் சீட்டு காலியாவே வந்துச்சு. படகுல என் பையை அதுல வச்சேன். கோட்டை வந்துச்சு. படத்துல இருக்கற மாதிரியேதான் இருக்கு. டேய் பாருடான்னு சொல்லத் திரும்பறேன், பை இருக்கு." அவர் அடுத்த லென்ஸைத் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ரூமுக்கு வந்தா சுவரு. சாப்பிட உட்கார்ந்தா எதிர்ல காலி நாற்காலி. போன் பண்ணா வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல கத்தறாங்க, ஒண்ணும் புரியல. அஞ்சாம் நாள் நானே சத்தமா மாத்திரை நேரம் ஆயிடுச்சுன்னு சொல்லிப் பார்த்துக்கிட்டேன். குரல் கேட்கணும்ல. திரும்பி வந்தும் உன் படி ஏற எனக்குத் தைரியம் வரல."

"தப்பு என் மேலதான்டா" என்றார் டைம்கீப்பர். "போயிட்டு வந்துட்டா நீ அப்புறம் வரமாட்டியோன்னு நினைச்சேன். அதான் பொய் சொன்னேன்."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த லென்ஸைப் பெட்டியில் வைத்தார். வெளியே ஒரு பஸ் போனது. ஐந்தேகால் வண்டி. மூன்று நிமிஷம் தாமதம் என்று டைம்கீப்பர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"ஆறே நாள்டா" என்றார் கண்ணாடிக்காரர் கடைசியில். "அதுக்கே எனக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. நான் வேற உன் வீட்டுக்கு வந்து, சத்தமே இல்ல, கொடுத்து வச்சவன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். எப்படிடா இருக்கே நீ?"

"சனிக்கிழமை வரும்ல" என்றார் டைம்கீப்பர். "அதை வச்சு ஓட்டிடுவேன்."

எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகள் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. லென்ஸ் பெட்டிப் பக்கம் திரும்பிய கண்ணாடிக்காரர், ஒரு லென்ஸை எடுக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.