அத்தாவோட பச்சை பெல்ட்டு

சாபிரு அன்னிக்கு ஜிம்முக்கு நடந்தா போனான்? பறந்துல்ல போனான்! சட்டைக்குள்ள அவுக அத்தாவோட பச்சை பெல்ட்டு. கைலிக்கு மேல பாய்மாருக கட்டுவாகள்ல, காசுப்பை வச்சு உள்ளங்கை அகலத்துக்கு, அதேதான். பிரவுசிங் சென்டர்ல ஏதோ போட்டோ பாத்துட்டான், வெயிட்டு தூக்குற அம்புட்டுப் பேரு இடுப்புலயும் பட்டையா ஒரு பெல்ட்டு. அது என்ன பெல்ட்டுன்னு மட்டும் கேக்கல.

ஞாயித்துக்கிழமை விருதுநகர்ல போட்டி. சிவகாசியில பிரஸ்ஸு மாடியில இருக்குற இந்த ஜிம்முல இருந்து ஒரே ஆளுதான் போகலாம். இன்னிக்கு நூறு கிலோவத் தரையில இருந்து தூக்கி நிமிந்தா சாபிரு, இல்லேன்னா ஜெயபாண்டி. ஜிம்மு நடத்துற கருத்தப்பாண்டி கறாரா சொல்லிட்டாக: "முதுகு வளைஞ்சா செல்லாது. நாளைக்கு நீ பிசகிப் படுத்துக்கிட்டா உங்கத்தாவுக்கு நானால பதில் சொல்ல?"

பெல்ட்ட இறுக்கிக் கட்டுனான். அதான் பெல்ட்டு இருக்கேன்னு முதுகப் பூனை கணக்கா வளைச்சு ஒரே இழு! கம்பி அசையல. பெல்ட்டு பட்டன்தான் டப்டப்புன்னு தெறிச்சு ஓடுது.

"விடுலே கம்பிய! பெல்ட்டாம்ல பெல்ட்டு! உன் முதுக நீதாம்லே பாத்துக்கிடணும். இன்னும் ஒரே தடவதான்." கருத்தப்பாண்டி கத்துனாக.

அந்நேரம் படியில தடதடன்னு சத்தம். அவுக அத்தா மீரான் மைதீன், ஒரு கையில கைலியக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டு மூச்சு வாங்க நிக்காக.

"ஏலே, என் பெல்ட்டு எங்கலே? கடையில பேப்பர் லோடு எறங்குது, நான் ஒத்தக் கையோட அலையுதேன்!"

"அத்தா, ஒரு நிமிசம்த்தா!"

"தூக்கித் தொலை!"

பெல்ட்டு போச்சு, பயம் வந்துருச்சு. பயம் வந்ததும் கருத்தப்பாண்டி தெனமும் கத்துனதெல்லாம் ஞாபகம் வருது. கம்பியக் காலோட ஒட்டுனான். புட்டத்தப் பின்னால தள்ளுனான். நெஞ்ச நிமித்தி, வயித்துல மூச்ச அடக்கி, தரைய ஒரு மிதி மிதிச்சான் பாருங்க, நூறு கிலோவும் சொன்ன பேச்சு கேட்டு எந்திரிச்சு வருது! முதுகு ஸ்கேலு கணக்கா நேரா!

"விருதுநகருக்கு நீதாம்லே!"

பெத்தவரு சும்மா இருப்பாகளா? கைதட்டிட்டாக. ரெண்டு கையாலயும்! கைலி தரைக்குப் போச்சு. நல்லவேளை, உள்ள முட்டி வரைக்கும் டவுசரு. பதறிப்போய்ப் படக்குன்னு குனிஞ்சாக, ஜிம்மே சேந்து கத்துது:

"பாய்! முதுகு! முதுகு வளையுது!"

மீரான் மைதீன் அப்படியே நின்னாக. புட்டத்தப் பின்னால தள்ளி, நெஞ்ச நிமித்தி, மூச்ச அடக்கி, நூறு கிலோ கணக்கா அந்தக் கைலியத் தூக்குனாக.