வாரத்துக்கு ஒரு மணி நேரம்

மூன்று இடங்களில் தரை துடைக்கும் ஒருத்தி எப்படி ஒரு வேலையும் செய்யாதவள் ஆவாள்? லொரெய்னுக்கு இது விளங்கவே இல்லை. காலையில் பல் மருத்துவமனை, மதியம் முதியோர் இல்லம், சாயங்காலம் பள்ளிக்கூடம் என்று ஒன்பது வருடமாக இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊரில் பாதி அழுக்கு அவள் கையால்தான் போகிறது. ஆனால் ஓய்வூதியக் கணக்கில் அந்த ஒன்பது வருடமும் காலி.

ஓய்வூதிய அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டாள். எடுத்த பையன் பொறுமைசாலி.

"ஒவ்வொரு முதலாளியையும் தனித்தனியாத்தாம்மா பார்ப்போம். ஒரே இடத்துல வாரம் நூத்தி இருபத்தஞ்சு பவுண்டு வந்தாத்தான் அந்த வருஷம் கணக்குல சேரும். உங்களுக்கு எல்லா இடத்துலயும் வாரம் பத்து மணி நேரம், நூத்தி இருபத்திரண்டு பவுண்டுதான்."

"மூணையும் கூட்டுப்பா."

"கூட்ட மாட்டாங்கம்மா."

நூற்று இருபத்தைந்து என்ற அந்தக் கோட்டைத் தாண்டினால் ஓய்வூதியச் சந்தாவாகக் கைக்காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை, கட்டியதாகவே எழுதிக்கொள்வார்கள். அதே கோட்டில்தான் முதலாளி தர வேண்டிய நோய்க்கால ஊதியமும் தொடங்குகிறது. முதலாளிகள் எல்லோரும் வாரம் பத்து மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளும் காரணம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவளிடம் இருப்பது ஆறே வருடம்; இளவயதில் மீன் ஆலையில் நின்றது. அதன்பின், சேர்ந்து வாழ்ந்த டெரிக்கின் வறுத்த மீன் கடையில் இருபத்தைந்து வருடம் எண்ணெய்ச் சட்டி முன் நின்றாள். "பென்ஷன் ஸ்டாம்ப் எல்லாம் நான் கட்டிட்டேன்டி" என்பான். கட்டினான், தன் பெயருக்கு. கல்யாணமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. அவன் செத்தபின் கடை அவன் தம்பிக்குப் போயிற்று.

முழு ஓய்வூதியத்துக்கு முப்பத்தைந்து வருடம் வேண்டும்; பத்து வருடம் இருந்தால் அதில் முப்பத்தைந்தில் பத்து பங்கு. ஒன்பது என்றால் ஒரு காசு கிடையாது. அறுபத்தேழு ஆவதற்குள் அவளுக்கு மிச்சம் நான்கு முழுக் கணக்கு வருடங்கள். முதலாவது வரும் ஞாயிறு, ஏப்ரல் ஆறாம் தேதி தொடங்குகிறது. ஒன்றைக்கூட விட முடியாது. விட்டுப்போன வருடத்தைக் காசு கொடுத்து வாங்கலாம்தான். ஒன்றுக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் பவுண்டு. அவள் மின்சார மீட்டருக்கே பத்துப் பத்து பவுண்டாக முன்பணம் போடுகிறவள்.

பல் மருத்துவமனையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டாள். இல்லை. முதியோர் இல்லத்தில் சிரித்தே விட்டார்கள். பள்ளியின் துப்புரவு வேலையைக் குத்தகைக்கு எடுத்த கேரி, "இந்தக் கட்டடத்துக்கு வாரம் இருபது மணி. ஒரு நிமிஷம்கூட அதிகம் தர முடியாது" என்றான்.

துடைப்ப அறையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள். ஐரீன் கையுறையைக் கழற்றியபடி வந்தாள். எழுபது வயது, இந்தப் பள்ளியில் மற்ற பத்து மணியும் அவளுடையது.

"ஏண்டி, வாளி மேல உக்காந்து அடை காக்கிறியா?"

லொரெய்ன் சொன்னாள். ஐரீன் கையுறையைக் காயப்போட்டபடி கேட்டாள்.

"ஏழைங்களுக்குன்னு தனியா ஒரு பணம் குடுப்பாங்களே."

"அதுக்கு என் பெட்டி படுக்கையெல்லாம் திறந்து காட்டணும். நாப்பது வருஷம் உழைச்சேன்னு எங்கயாவது ஒரு இடத்துல எழுதி இருக்கட்டுமே, ஐரீன். இல்லேன்னா நான் எங்க இருந்தேன்?"

ஐரீன் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"என் முப்பத்தஞ்சு வருஷம் எப்பவோ முடிஞ்சுது. நான் வர்றது வீட்டைச் சூடாக்குற காசுக்குத்தான். என் மணியில ஒண்ணை எடுத்துக்க."

"உனக்குப் பன்னிரண்டு பவுண்டு போகுமே."

"போகும். வெள்ளிக்கிழமை ஹீட்டர் போட மாட்டேன். நீ பேசாம இரு."

கேரி மறுக்கவில்லை; மொத்தம் இருபதாகவே இருந்தது, நோய்க்கால ஊதியமும் ஒருத்திக்கு மட்டும்தான். தொலைந்த ஒன்பது வருடம் தொலைந்ததுதான். டெரிக்கின் கடையில் போன இருபத்தைந்தும் அப்படியே. கிடைக்கப்போகும் ஓய்வூதியத்தில் வாடகையில் பாதிகூடத் தேறாது. நான்கு வருடம் பள்ளி வேலை அவள் கையை விட்டுப் போகவும் கூடாது. சம்பளமில்லாமல் வருடத்துக்கு மூன்று வாரம் போனால் தாங்கும், நான்கு போனால் அந்த வருடம் விழுந்துவிடும்.

ஞாயிறு முதல் பள்ளியில் ஐரீனுக்கு வாரம் ஒன்பது மணி நேரம், லொரெய்னுக்குப் பதினொன்று. பதினொரு மணி நேரத்துக்கு நூற்று முப்பத்து நான்கு பவுண்டு. கோடு நூற்று இருபத்தைந்து. வருடம் சேரும்.