பெட்டிக்குள் ஒரு வாடகைக்காரன்

“சேச்சி, இனி ஒரு பிராவசியம் கூடி லேட்டாயால் கொச்சிக்கு வரேண்டி வரும், கேட்டோ. என்டெ கையில் ஒண்ணும் இல்லா.”

இன்னொரு தடவை லேட்டானால் கொச்சிக்கே வர வேண்டியதுதான் என்று ரேஷ்மி போனில் சொன்னபோது குரலில் கோபமே இல்லை. அதுதான் ஸ்ரீகலாவுக்குக் கூடுதல் பயம். ரேஷ்மி கொச்சி ஆபீசில் அவளுக்கு மேலதிகாரி. வயதில் பதினைந்து குறைவு. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் ரிப்போர்ட்டைப் படித்து, நோய்க்கு ஒரு நம்பர், வைத்தியத்துக்கு ஒரு நம்பர் என்று போட்டு அனுப்புவது ஸ்ரீகலாவின் வேலை. எல்லையோரத்துக் காரோடு ஊரில், வீட்டு முன்னறையில் இருந்தபடியே செய்யலாம் என்று கம்பெனி ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு ஸ்கிரீனும் அனுப்பி வைத்திருந்தது. கண்டிப்பு இரண்டே இரண்டு. போன் நெட்டில் வரக் கூடாது. சாயங்காலம் நாலரைக்குள் லாகின் செய்து உள்ளே நுழைந்திருக்க வேண்டும். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை நுழைய முடியவில்லை. வியாழக்கிழமையும் முடியவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. இன்றும் தவறினால் வீட்டில் இருந்து செய்யும் சலுகை போய்விடும். நாற்பத்தாறு வயதில் கொச்சி ஹாஸ்டலில் குளியலறை வாசலில் வாளியும் கையுமாக வரிசை நிற்க அவளால் ஆகாது.

எல்லாவற்றுக்கும் காரணமான சாமான் மேஜைக்குக் கீழே உறுமிக்கொண்டு கிடந்தது.

புருஷன் செந்தில்வேலைக் குறை சொல்லவும் முடியாது. நெய்யாற்றின்கரையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். பெண்டாட்டிக்கு நெட் ஒருநாளும் போகக் கூடாது என்று நல்ல மனசோடுதான் இறங்கினார். வீட்டில் கேரளத்து லைன் ஒன்று உண்டு. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே ஸ்ரீகலாவின் அண்ணன் சொக்கநாதன் வீட்டில் தமிழ்நாட்டு லைன். மதிலுக்கு மேலே ஒரு வயரை இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தால், ஒரு மாநிலம் படுத்துக்கொண்டாலும் இன்னொரு மாநிலம் தாங்கும் என்பது அவர் கணக்கு. அதற்காக ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி, அதற்குள் இரண்டு ஓட்டை உள்ள நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகினார்.

“இந்தப் பெட்டிக்குள்ள வேற ஒரு கம்ப்யூட்டர் உண்டு, கலா. கண்ணுக்குத் தெரியாது. வெர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவாங்க. வாடகைக்காரன்னு வச்சுக்கோ. எந்த லைன் ஓடுதுன்னு பாத்து அவன் மாத்தி மாத்தி விடுவான்.”

“வாடகைக்காரனுக்கு எதுக்காக்கும் கார்டு?”

“கார்டை அவன் கையிலயே நேரா குடுத்துரணும். வீட்டுக்காரன், அதாவது இந்தப் பெட்டி, அதைத் தொடப்பிடாது. அதாக்கும் பாஸ்த்ரூ.”

“வீட்டுக்காரனுக்குச் சம்மதமா?”

சம்மதமில்லை என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. கார்டை வாடகைக்காரன் பேருக்கு எழுதி, அவனை எழுப்பிய நிமிஷத்தில் பெட்டி மொத்தமும் மரம் மாதிரி நின்றது. எழுப்பினால் நிற்கும். அணைத்துப் போட்டு, வாடகைக்காரனை எழுப்பாமல் விட்டால் ஓடும். எழுப்பினால் திரும்பவும் நிற்கும்.

“கார்டும் டிஸ்கும் ஒரே குரூப்புல கிடக்கு” என்று சாப்பிட்ட கையைக் கழுவாமலே அவர் வந்து சொன்னார். “ஒண்ணைக் குடுத்தா மத்ததும் கூடப் போவுது. டிஸ்க் போனா வீட்டுக்காரனுக்கு மூச்சு நின்னு போவும்.”

“எங்க வலிய வீட்டுக் குடும்பச் சொத்து மாதிரி. பாகம் பிரிக்காம யாருக்கு என்னத்தக் குடுக்க?”

“அதேதான். பிரிக்கணும்.”

“எங்க சித்தப்பா கேசு முப்பது வருஷம் ஓடிச்சு. இது எப்பம் முடியும்?”

பிரித்தார். கார்டைக் கழற்றி வேறு இடத்தில் செருகினார். குரூப்பும் வேறாகியது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் உட்காரும் இடத்தை வைத்துத்தான் பேர். கார்டு நகர்ந்து உட்கார்ந்ததும், பெட்டியின் சொந்த நெட் ஓட்டை மூன்றாம் நம்பராக இருந்தது நாலாம் நம்பர் ஆகிவிட்டது. தன் பேரே மாறியது தெரியாமல் பெட்டி பேந்தப் பேந்த முழித்தது. அதைச் சரியாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று. அன்றைக்கு ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது, அதுவும் போயிற்று. பேர் சரியானதும் லிஸ்டில் கார்டையே காணவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், இரண்டு மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே எழுந்தார். வாடகைக்காரனுக்குக் கொடுத்த பிறகு கார்டு வீட்டுக்காரன் கண்ணில் படாதாம். படாமலிருப்பதுதான் சரியாம்.

“காணாம போறதுதான் சரியா?”

“ஓ.”

“பின்ன உங்க செருப்பு காணாம போனதுக்கு மட்டும் எதுக்கு என்னை ஏசினீங்க?”

திங்கட்கிழமை ஓடியது. செவ்வாய்க்கிழமை காலையிலும் ஓடியது. அன்று சாயங்காலம் நாலரைக்கு ஸ்ரீகலா உட்கார்ந்தபோது செத்துக் கிடந்தது. ஆறு மணிக்கு வந்த செந்தில்வேல் வயரையெல்லாம் கழற்றி, பெட்டியைத் திறந்து, கார்டை அமுக்கி, எதையோ பார்த்து ஒரு வரி எழுதினார். ஓடியது. “பாத்தியா, அந்த ஒரு வரிதான்” என்றார். புதன்கிழமை முழுதும் ஓடியபோது அந்த ஒரு வரியைப் பற்றிச் சங்கத்தில்கூடப் பெருமை பேசிவிட்டு வந்தார். வியாழக்கிழமை நாலரைக்குத் திரும்பவும் செத்தது. அன்றும் திறந்தார், அமுக்கினார், இந்தமுறை மூன்று வரி எழுதினார். ஓடியது.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். இரண்டு மணிக்கு அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். கேரளம் ஓடியது. அதை உருவிக் காட்டினார், தமிழ்நாடு ஓடியது. திரும்பச் செருகினார்.

“இனி இதை நானும் தொடமாட்டேன், நீயும் தொடாத. கார்டுக்கு நல்ல சூடு உண்டு. பாறசாலை போயி ஒரு சின்ன ஃபேன் வாங்கிட்டு வாறேன்.”

“தொட எனக்கு என்ன வட்டா, கிறுக்கா?”

அவர் போய் ஒரு மணி நேரத்தில் வானம் இருண்டது. துலாம் மாதம் என்கிற ஐப்பசி, மூன்று மணி இடி என்பது வருகிற நாளில் நாலு மணி பஸ்ஸைவிட ஒழுங்காக வரும். முதல் இடி கேட்டதும் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. ஸ்ரீகலா கொடியில் கிடந்த துணியை வாரினாள். டிவி பிளக்கைப் பிடுங்கினாள், ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள், பெட்டிக்குப் பின்னால் வந்து சேரும் இரண்டு நீல வயர்களையும் உருவிப் போட்டாள், ஜன்னலை அடைத்தாள். போன வருஷம் பக்கத்து வீட்டு டிவி வயர் வழியாக வந்த இடியில்தான் கருகிப் போனது. நாலு மணிக்கு இடி தூரப் போனதும் எல்லாவற்றையும் திரும்பக் குத்தினாள். முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

நெட் இல்லை.

பத்து நிமிஷத்தில் செந்தில்வேல் தலை சொட்டச் சொட்ட வந்தார். கையில் பிளாஸ்டிக் கவரில் ஃபேன்.

“என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“செத்துக் கிடக்கு.”

“ரெண்டு மணிக்கு ஓடிச்சே.”

“ரெண்டு மணிக்கு எனக்கு வேலை இல்ல. நாலரைக்காக்கும் வேலை.”

“யாராவது தொட்டாங்களா?”

“யாரு தொடுவா? நான் அந்த எளவு பக்கமே போகல்ல.”

சத்தியமாகத்தான் சொன்னாள். தொட்டதாக அவள் நினைக்கவே இல்லை.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கிரீன் முன்னால் குனிந்தார். “வாடகைக்காரன் எழும்பித்தான் இருக்கான். கார்டும் அவன் கையில உண்டு. ரெண்டு ஓட்டையிலயும் லைட்டு எரியுது. ஆனா ஒரு லைன்லயும் அட்ரஸ் வரல்ல.”

“அட்ரஸ் நான் சொல்லட்டா? காரோடு, பாறசாலை வழி.”

“சும்மா கிட கலா. சூடாக்கும் இது. இல்லன்னா கார்டு உக்காரல்ல. திறந்து பாக்கணும்.”

“இப்பம் திறக்காண்டாம். மணி நாலே கால்.”

“ரெண்டு நிமிஷம்.”

“உங்க ரெண்டு நிமிஷத்துல நான் அரி வச்சு வடிச்சிருக்கேன்.”

அவர் அதற்குள் வயரையெல்லாம் கழற்றிப் பெட்டியை வெளியே இழுத்துவிட்டார். மூடி கழன்றது. ஸ்க்ரூக்கள் தரையில் உருண்டன. நகம் அளவுப் பிடியை நெம்பி, கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், முட்டையைப் பார்ப்பதுபோல. 

போன் அடித்தது. அண்ணன் பெண்டாட்டி கோமளவல்லி. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

“கலா, உனக்கு நெட்டு வந்துதா மக்கா? இங்க இடி மாறினதும் நான் எல்லாத்தையும் திரும்பக் குத்தியாச்சு. உன் வயரையும் குத்தியாச்சு. எனக்கு நெட்டுலதான் சீரியல் ஓடுது.”

“இங்க வரல்ல மைனி. நானும் அப்பமே குத்தினேன்.”

செந்தில்வேல் கார்டைத் தாழ்த்தினார்.

“எதைக் குத்தினே?”

“வயரை.”

“எந்த வயரை?”

“பின்னால உள்ள ரெண்டையும். இடிக்கு உருவிப் போட்டதை.”

“யாரும் தொடல்லன்னு சொன்னியே.”

“இடிக்கு உருவுறது தொடுறதா? மழை வந்தா துணி எடுக்குற மாதிரியாக்கும் அது. துணி எடுத்ததையும் உங்ககிட்டச் சொல்லணுமா?”

“எது எந்த ஓட்டையில குத்தினே?”

“ஏதோ ஒண்ணுல. ரெண்டு வயரும் ஒரே நீலம். ரெண்டு ஓட்டையும் ஒரே மாதிரி.”

“அவ சொல்லுறது சரிதான்” என்றது போன். “இங்கயும் நான் அங்ஙனதான் குத்துறது. எந்த ஓட்டையில குத்தினாலும் எனக்கு ஓடும்.”

“உங்களுக்கு ஓடும் அக்கா. இங்க ஒரு ஓட்டை கேரளத்துக்கு, ஒரு ஓட்டை தமிழ்நாட்டுக்கு. மாத்திக் குத்தினா ரெண்டும் கிட்டாது.” அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். “செவ்வாக்கிழமை?”

“செவ்வாக்கிழமை நல்ல இடி.”

“நேத்து?”

“நேத்து அதைவிட. இடையில புதன்கிழமைதான் இடி இல்ல.”

“கழத்தின வயரை நான் சரியாக் குத்தினதாலயாக்கும் ரெண்டு நாளும் ஓடினது. அதுக்குப் போயி பெட்டிக்க உயிரான கெர்னலையே மாத்தினேன், கலா.”

“யாரு மாத்தச் சொன்னா?”

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளே சுருக்கென்றது. இந்த ஒரு வாரமாக அந்த மனுஷனைச் சோறு போடும்போதும் ஏசினாள், குளித்து வரும்போதும் ஏசினாள். இரண்டு நாளும் அவளைக் கொச்சிக்குப் பாதிதூரம் தள்ளியது அவள் கைதான். வெட்கப்பட நேரம் இல்லை; மணி நாலு இருபத்தொன்று.

“இப்பம் மாத்திக் குத்துங்க.”

அவர் கையிலிருந்த கார்டைப் பார்த்தார். “இதைத் திரும்ப வைக்கணும். வேற இடத்துல வச்சா பேர் மாறிப் போவும், பழைய இடத்துலயே வைக்கணும். பெட்டி எழும்பணும். பொறவு வாடகைக்காரன் எழும்பணும். பன்னிரண்டு நிமிஷம்.”

“ஒம்பது உண்டு.”

“ஒம்பதுல முடியாது.”

ஸ்ரீகலா போனைப் பார்த்தாள்.

“மைனி, சீரியல் இப்பமும் ஓடுதா?”

“ஓடுது. மாமியாரு இப்பம்தான் மயங்கி விழுந்தா.”

“நிக்காம ஓடுதா?”

“நல்லா ஓடுது. என்னத்துக்குக் கேக்கே?”

அவள் சேலையைச் செருகிக்கொண்டு மேஜைக்கடியில் நுழைந்தாள். தரையில் இரண்டு நீல வயர்கள் அநாதையாகக் கிடந்தன. ஜன்னலில் கை வைத்து, அங்கிருந்து இறங்கி வருவதை விரலால் தடவிக்கொண்டே நுனிவரை போனாள். இது அண்ணன் வீட்டது. சீரியல் ஓடும் வீட்டிலிருந்து வருவது. பெட்டியிலிருந்து தன் கம்ப்யூட்டருக்கு வந்த வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

“கலா, நேரா குத்தப்பிடாது. வாடகைக்காரன் வழியா வந்தாத்தான் ரெண்டு லைனும்…”

“எனக்கு ஒரு லைன் மதி, அது போதும். உங்க வாடகைக்காரனை நாளைக்குக் கூப்பிட்டுப் பேசிக்கோங்க.”

குத்தினாள். மேலே வந்து உட்கார்ந்தாள். மூலையில் சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. அவசரத்தில் பாஸ்வேர்டு தப்பாகப் போனது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக இரண்டாவது முறை அடித்தாள். நாலு இருபத்தெட்டுக்கு உள்ளே நுழைந்தாள்.

ரேஷ்மியின் செய்திக் கட்டம் ஓரத்தில் விழுந்தது. “சேச்சி எத்தியோ?”

வந்துவிட்டேன் என்பதற்கு “எத்தி” என்று மட்டும் அடித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான். கொச்சி அந்த ஒரு கட்டைவிரலில் அங்கேயே நின்றுகொண்டது.

“கலா? கலா? அங்க என்ன நடக்கு?” என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது. “கிட்டியாச்சு மைனி, பொறவு கூப்பிடுறேன். டிவியை நிறுத்தாண்டாம்” என்று சொல்லி வைத்தாள். டிவிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று செந்தில்வேல் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

முதல் ரிப்போர்ட் திறந்தது. எங்கோ ஒரு கிழவர் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டிருந்தார், இடது கால். அவள் நம்பரைத் தேடினாள். கீழே, மடியில் கார்டை வைத்துக்கொண்டு செந்தில்வேல் ஸ்க்ரூ பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“செவ்வாயும் வியாழனும் நானாக்கும்” என்றாள் அவள், ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“உம்.”

“ஒரு வாரமா உங்களை ஏசினதும்…”

“அதெல்லாம் கிடக்கட்டும். ஒரு ஸ்க்ரூ காணல்ல. காலைத் தூக்கு.”

தூக்கினாள்.

“இந்தக் கால் இல்ல.”