பெப்பர்மின்ட் டப்பா

என் வாய் சும்மா இருக்காது. எங்கள் ஊர் தேவாலயத்தில் பாதிப் பேர் அதற்குப் பயந்தே என்னிடமிருந்து நாலு வரிசை தள்ளி உட்காருவார்கள். என் புருஷன் கார்னெல் மட்டும் பத்தொன்பது வருஷம் அந்த வாய்க்குப் பக்கத்திலேயே, ஒரே லாரிக்குள் காலம் தள்ளினார்.

நாங்கள் சோடியாக ஓட்டுகிறவர்கள். அவர் ஓட்டினால் நான் பின்னால் இருக்கும் படுக்கையில் தூங்குவேன். நான் ஓட்டினால் அவர். கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரி ஏற்றினால் மெம்பிஸ் போய்த்தான் மூச்சு விடுவோம்.

லாரி ஓட்டுகிறவருக்கு மருத்துவ அட்டைதான் உயிர். ரத்த அழுத்தம் எகிறினால் அட்டை கிடையாது. அட்டை இல்லையென்றால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. போன வருஷம் கார்னெலுக்கு எகிறியது. தினமும் காலையில் ஒன்று என்று டாக்டர் நீர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. மூன்று வாரத்தில் அழுத்தம் இறங்கி அட்டையும் கைக்கு வந்தது. ஆனால் அரிசோனாவைத் தாண்டுவதற்குள் நாலு இடத்தில் ஒன்றுக்குப் போக வண்டியை நிறுத்தினார்.

நான் சும்மா இருந்தேனா?

"யோவ், இது லாரியா, டவுன் பஸ்ஸா? ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்குது!"

"என்னடி பண்ணச் சொல்ற? மாத்திரை தள்ளுது."

"நீ நிக்கிற நிப்புக்கு மெம்பிஸ் போறதுக்குள்ள பழமெல்லாம் ஜாமாயிடும். நாலு ரொட்டி வாங்கி வச்சுக்கலாம்."

அதோடு விட்டிருக்கலாம். லாரிக்கு லாரி பேசிக்கொள்ளும் ரேடியோவை எடுத்து, ரோட்டில் போகிற மற்ற லாரிக்காரர்களுக்கும் சொன்னேன். ரேடியோவில் எங்கள் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. ஒட்டினால் ஒட்டினதுதான். இத்தனை வருஷமாக 'பிஷப்' என்று இருந்த மனுஷன் ஒரே நாளில் 'குழாய்' ஆகிவிட்டார். "என்ன குழாய், இன்னைக்கு எத்தனை தடவை?" என்று டெக்சாஸ்வரை கேட்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்தார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதத்தில் நிறுத்துவது குறைந்துபோனது.

"என்னய்யா, குழாய் அடைச்சுக்கிச்சா?"

"உடம்பு பழகிடுச்சு, வெர்லீன்."

நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த மாத்திரைப் பெட்டியை ஞாயிறுதோறும் நான்தான் நிரப்புவேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் ஏழும் காலி. அவர் மாத்திரை போடும் காலை வேளையில் நான் படுக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன்.

மே மாதம் ஒரு நாள் காலை, நியூ மெக்சிகோவில் டீசல் போட நின்றோம். காபி கோப்பையை அவர் கையில் கொடுத்தேன். கை வாங்கவே இல்லை. காபி காலில் கொட்டியது. சுட்டதற்குக்கூட அவர் ஒரு சத்தம் போடவில்லை. முகத்தைப் பார்த்தேன், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில், மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். "பிரஷர் மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கிட்டாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு நாள் தவறினதில்ல. நானே எடுத்து வைக்கிறேன்" என்று அடித்துச் சொன்னேன்.

மூன்றாம் நாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து லாரியைத் துடைத்தபோது, ஓட்டுநர் பக்கக் கதவுப் பையில் பெப்பர்மின்ட் டப்பா கிடைத்தது. அவருக்குப் பெப்பர்மின்ட் பிடிக்கும். ஒன்று வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று திறந்தேன். உள்ளே முழுக்க, ஞாயிறுதோறும் நான் பெட்டியில் நிரப்பிய அந்த வெள்ளை மாத்திரைகள். அடப்பாவி மனுஷா! அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன்.

டப்பாவை ஊர் மருந்துக்கடை டெல்ஃபின் அம்மாவிடம் கொண்டுபோனேன். வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

"ஏம்மா அவரு இதச் சாப்பிடல?" என்றார்.

"அடிக்கடி வண்டிய நிறுத்த வேண்டியிருந்துச்சு. நான் கேலி பண்ணினேன்."

"அய்யோ, அதுக்காகவா விட்டாரு! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. டாக்டரக் கேட்டு வேற மாத்திரை மாத்திக் குடுத்திருப்போமே. இப்படித் தண்ணியப் பிரிக்காத மாத்திரையும் இருக்கே, வெர்லீன்."

ஒரு வார்த்தை. எனக்கா வார்த்தைக்குப் பஞ்சம்? கேலி செய்த வாயால் அந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் என் புருஷன் இருந்திருப்பார்.

இப்போது தனியாக ஓட்டுகிறேன். அவர் நின்ற இடத்திலெல்லாம் நிற்கிறேன், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். போன வாரம் அரிசோனாவில் அப்படி நின்றபோது ரேடியோவில் ஒரு பழைய குரல் கேட்டது. விஷயம் தெரியாதவர்.

"என்ன வெர்லீன், மறுபடியும் நின்னாச்சா? எங்க நம்ம குழாய்? சத்தத்தையே காணோம்?"

ரேடியோவை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன்.

"அவர் பேரு பிஷப்" என்றேன். "பிஷப் செத்துட்டாரு."