ஒரு படி கீழே

“வரவங்க கண்ணுல இது படக்கூடாது” என்று சொல்லி, சுலோச்சனா மகளின் காக்கிக் கோட்டைப் பரணில் எறிந்தாள். திருட்டுச் சாமானை ஒளிக்கிறவள் போல வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மதிவதனி இன்ஜினியரிங் காலேஜில் ஒர்க்‌ஷாப்புக்குப் போட்டுப்போகும் கோட்டு அது. படிப்பு முடிய இன்னும் ஒரே வருஷம்தான்.

பெண் பார்க்க வருகிறவர்கள் விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி வைத்திருக்கிற பெரிய மனுஷர்கள். மாப்பிள்ளை இனியவனும் இன்ஜினியரிங்கில் சேர்ந்தவர்தான். அரியர் மேல் அரியர் விழுந்து, இரண்டாம் வருஷத்தோடு நடையைக் கட்டியவர். புருஷனைவிடப் பெண்டாட்டி அதிகம் படித்திருக்கக் கூடாதாம். அதனால் பெண் இப்போதே நின்றுவிட வேண்டுமாம். அடடா, என்ன நியாயம். ஐயா பரீட்சையில் கோட்டை விடுவார், அதற்கு இவள் படிப்பை விட வேண்டும்.

“படிப்பு ஏறலன்னு சொல்லிடு மதி. அதோட முடிஞ்சிது” என்று அப்பா தங்கதுரை பாடம் வேறு சொல்லிக்கொடுத்தார். யாருக்கு? வகுப்பில் முதலாவதாக வருகிறவளுக்கு.

வந்தார்கள். கேசரி தின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா செல்வநாயகி இருவரையும் சேர்த்து நிற்கவைத்து உயரம் பார்த்தாள். பெண் அவன் காதளவுதான் இருந்தாள். அம்மாளுக்குப் பரம திருப்தி.

“காலேஜ ஏம்மா வுட்டுட்ட?” என்று தெரியாதவள் போலக் கேட்டாள்.

தங்கதுரை தொண்டையைக் கனைத்தார். “அவளுக்குப் படிப்பு...”

“நான் வுடலைங்க” என்றாள் மதிவதனி. “இன்னும் ஒரு வருஷம் இருக்குது. முடிச்சிடுவேன்.” பிறகு இனியவன் பக்கம் திரும்பினாள். “நீங்க ஏங்க வுட்டீங்க?”

அவனை அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவன் அம்மாவைப் பார்த்தான்.

“ஆம்பளப் புள்ள, தொழிலப் பாக்குறான். அவனுக்கு எதுக்குப் படிப்பு?” என்றாள் செல்வநாயகி.

“அரியர் எழுத இன்னும் டைம் இருக்குதுங்க. புக்கு வேணும்னா என்னோடத தரேன்.”

செல்வநாயகி எழுந்துவிட்டாள். “இவ்ளோ வாய் நம்ம வூட்டுக்கு ஆவாதுடா, வா.”

கார் போய்விட்டது. தட்டில் கேசரி ஒரு துளி மிச்சமில்லை.

“மானமே போச்சு” என்று தங்கதுரை தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பெற்ற மகளை மக்கு என்று சொல்லத் துணிந்தபோது போகாத மானம் அது.

மதிவதனி ஸ்டூலில் ஏறிக் கோட்டை எடுத்துத் தூசி தட்டினாள். “இஸ்திரிப்பொட்டி எங்கம்மா? நாளைக்கு ஒர்க்‌ஷாப்பு இருக்குது.”

சுலோச்சனா கோட்டை அவள் கையிலிருந்து வாங்கி, தானே தேய்க்க உட்கார்ந்தாள்.