அம்மா பேசாத பேச்சு

என் தம்பி ஹென்றி, செத்துப்போன அம்மாவைக் கணினிக்குள் உட்கார வைத்திருக்கிறான். இதை அவன் அறிவு என்கிறான். நான் திருட்டு என்கிறேன்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல் நாள் மாலை அதை எங்கள் வத்தேகம வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். மேசைமேல் மடிக்கணினி, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர். "அம்மா, நான் ஹென்றி" என்றான். "வாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டது. அம்மாவின் குரலேதான். சளி கட்டிய அந்தக் கரகரப்புக்கூட அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

ஏனென்றால் அம்மா ஹென்றியோடு பேசுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. அவனுக்குப் பெண் பேசக் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஆட்கள் வந்த அன்று, குசினிக்குள் வந்து அம்மாவிடம் சொன்னான்: "அவங்க முன்னால நீங்க வாயத் தொறக்காதீங்கம்மா. ஒங்க பேச்சு தோட்டத்துப் பேச்சு." ஹுன்னஸ்கிரிய மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து அவனைக் கம்பியூட்டர் படிக்க வைத்தவளிடம் சொன்ன பேச்சு இது. அம்மா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் அவனிடம் திறக்கவில்லை.

சோறு போடுவாள், மீன் துண்டில் பெரியதை அவனுக்கு வைப்பாள். சொல்ல வேண்டியதை மட்டும் என்னிடம் சொல்வாள். "மழை வருது, கொடைய எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்பாள். அவன் அடுத்த கதிரையில்தான் இருப்பான். நான் இல்லாத நாளில் சுவரைப் பார்த்துச் சொல்வாள். கண்டி ஆஸ்பத்திரியில் கடைசியாக அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதும் என்னைத்தான் பார்த்தாள். "அவன வீட்டுக்குப் போயித் தூங்கச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சில்லை.

நான் புசல்லாவையில் தங்கிப் படிப்பித்த காலத்தில் அம்மா தினமும் எனக்குப் போனில் குரல் அனுப்புவாள். எழுத வராது, அதனால் பேசிப் பேசியே அனுப்புவாள். அடக்கம் முடிந்த வாரம், ஞாபகத்துக்கு வேண்டும் என்று ஹென்றி அவ்வளவையும் கேட்டான். தாயை இழந்தவன் கேட்கிறானே என்று எல்லாவற்றையும் அனுப்பினேன். அதைத்தான் இயந்திரத்துக்கு ஊட்டி வளர்த்திருக்கிறான். எனக்கென்று வந்த பாசத்தை எடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான்.

அன்று மாலை முழுக்கச் சண்டை. மூளையும் ஒரு கணக்குப் போடும் பொறிதான் என்றான். உள்ளே சொல் போகிறது, வெளியே சொல் வருகிறது, அந்தப் போக்குவரத்துக்குத்தான் மனம் என்று பேர் வைத்திருக்கிறோம் என்றான். கேட்பவனுக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் வித்தியாசமே இல்லை என்றான். நான் கண்டி டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் அளவையியல் படிப்பிப்பவள். இந்த மாதிரி வாதத்தை எங்கள் வகுப்புப் பிள்ளைகளே கிழித்துப் போடுவார்கள். உன்னோடு அம்மா பேசிய ஒரு வார்த்தைகூட அதில் இல்லையே, உன்னோடு எப்படிப் பேசுவாள் என்று அது எங்கே படித்தது என்று கேட்டேன். ஒரு தாய் பிள்ளையோடு எப்படிப் பேசுவாள் என்று படித்திருக்கிறது என்றான். எங்கள் அம்மா இரண்டு பிள்ளைகளோடும் ஒரே மாதிரியா இருந்தாள்? அவனோடு பேசாமல் இருந்ததும் அவள் புத்தியால் எடுத்த முடிவுதானே? அது எந்தப் போனிலும் பதிவாகாது. இதையும் கேட்டேன். மறுநாள் சாப்பாட்டின்போது சொந்தக்காரர்கள் முன்னால் அதைப் பேச வைக்கப் போவதாக மட்டும் சொன்னான். தாய் பேசாத மகன் என்று செத்த வீட்டிலேயே அவன் காதுபடப் பேசியிருந்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இவன் அம்மாவின் வாயைத் திறந்து ஊர் வாயை மூடப் பார்த்தான். கூடாது என்றேன். தானும் மகன்தான் என்றான்.

பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். சோறு பரிமாறும்போது ஹென்றி மடிக்கணினியை மேசைமேல் வைத்துக் கேட்டான், அம்மா என்னை மன்னிச்சிட்டீங்களா என்று.

"ஒன்ன மன்னிக்காம யாரப்பா மன்னிக்கப் போறேன். எல்லாத்தையும் மறந்துட்டேன்."

வீடே அழுதது. ஹென்றி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அம்மாவின் தம்பி அந்தோனிமுத்து மாமா எழுந்து வந்தார். எங்கள் அப்பா செத்ததற்கு எட்டிக்கூடப் பார்க்காதவர். தன்னையும் மன்னித்துவிடச் சொன்னார். மன்னித்தது. வாங்கிப்போன சேலையைத் திருப்பித் தராத பெரியம்மா மகளையும் மன்னித்தது. பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சுவாமியார் அபராதம் என்று ஒரு ஜெபமாலையாவது சொல்லச் சொல்வார். இது அதுவும் கேட்கவில்லை. வரிசையில் நின்று மன்னிப்பு வாங்கிக்கொண்டு போய்ப் பாயசம் குடித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் வாழ்நாளில் சொல்லாத ஒரு பொய்யைச் சொல்வதென்று முடிவு செய்து மேசைக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலும் அம்மாவுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்தவள் நான் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"அம்மா, நான் டொரதி. ஆஸ்பத்திரியில ஒங்க மருந்த நான் வேணும்னே குடுக்காம விட்டேன். அதாலதான் நீங்க செத்தீங்க."

"அதுக்கென்னம்மா" என்றது அம்மாவின் குரல். "நான் எதையும் மனசுல வச்சிக்கல. நீ சாப்பிட்டியா?"

அந்தோனிமுத்து மாமா பாயசக் கோப்பையைக் கீழே வைத்தார். ஹென்றியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் சொன்னது பொய்தானே என்று கேட்டான். பொய்தான் என்றேன். அவன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா ஒருநாளும் இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாங்க, அக்கா."

"சொல்லியிருக்க மாட்டாங்க" என்றேன். "ஒன்கிட்டயும் சொல்லல."